செல் பாடத்துக்கு நோட்ஸ்: அளவை வரையுங்கள், சவ்வை எண்ணுங்கள்

கேள்வி இது: பிளஸ் ஒன் உயிரியலில் செல் பாடமும் உயிரினங்களின் அமைப்பு நிலைகளும் நடந்துகொண்டிருக்கின்றன. வகுப்பில் சொல்வதையெல்லாம் எழுதி முப்பது பக்கம் சேர்ந்துவிட்டது. தேர்வுக்கு முன் புரட்டினால் பெயர்கள்தான் கண்ணில் படுகின்றன, எதுவும் கோவையாக நிற்பதில்லை. ஒழுங்கான நோட்ஸ் எப்படி எடுப்பது?

இந்தப் பாடத்தில் புரியவே புரியாத கருத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெயர்கள்தாம் ஏராளம். பாடநூல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. நீங்களும் அதே வரிசையில் எழுதினால் கையில் மிஞ்சுவது பாடநூலின் மெலிந்த நகல். பெயர்களைத் தொங்கவிட இரண்டு கொடிகள் கட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று அளவு, மற்றொன்று சவ்வு. நுண்ணுறுப்பு (செல்லுக்குள் தனித்தனி வேலை செய்யும் பகுதி) ஒவ்வொன்றும் இந்த இரண்டு கொடிகளிலும் எங்கே தொங்குகிறது என்று தெரிந்தால் பாடத்தில் பாதி முடிந்தது.

முதலில் நோட்டு. ரெக்கார்டு நோட்டில் இருப்பதுபோல ஒரு பக்கம் கோடு போட்டும் எதிர்ப்பக்கம் வெள்ளையாகவும் உள்ளதை வாங்குங்கள். படம் வெள்ளைப் பக்கத்தில், அதற்கான எழுத்து எதிரே. படம் ஒரு பக்கத்திலும் விளக்கம் நான்கு பக்கம் தள்ளியும் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. கோடு போட்ட பக்கத்தில் இடது ஓரத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள். அடியில் 5 செ.மீ. விட்டுக் குறுக்காக இன்னொரு கோடு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950-களில் பரப்பிய முறை இது. அகலமான பகுதி வகுப்பில் எழுத, இடப்பத்தி பிறகு கேள்வி எழுத, அடிப்பட்டை சுருக்கம் எழுத என்பது அவருடைய ஏற்பாடு. செல் பாடத்துக்கு அந்த அடிப்பட்டையைச் சுருக்கத்துக்குச் செலவழிப்பது வீண். அதை 'விதிவிலக்கு' என்று தலைப்பிட்டு ஒதுக்கிவிடுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகளில் பல அங்கிருந்துதான் வருகின்றன. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்க் கூறு உயிருள்ளது, ஆனால் முதிர்ந்தபின் அதிலும் உட்கரு இல்லை. சைலக் குழாய்கள் முதிர்ந்து வேலை செய்யும்போது இறந்த செல்கள். பாரமீசியத்துக்கு இரண்டு உட்கருக்கள். எலும்புத் தசை இழையில் பல உட்கருக்கள். இவை பாடத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் வருகிறதோ அந்தப் பக்கத்தின் அடிப்பட்டையில் உடனே விழ வேண்டும்.

வகுப்பில் ஆசிரியர் பேசும் வேகத்துக்குக் கை ஓடாது, அதனால் சுருக்கெழுத்து வேண்டும். தமிழில் இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் எழுத்தை வைத்துச் சுருக்கினால் இந்தப் பாடத்தில் எல்லாம் மோதும். செல் சுவரும் செல் சவ்வும் 'செ.சு.', 'செ.ச.' ஆகும். அவசரக் கையெழுத்தில் அந்த உகரக் கொம்பு காணாமல் போய், பாக்டீரியாவின் சுவர் சவ்வாகிவிடும். 'செல்' என்பதை விட்டுவிட்டுச் 'சுவர்', 'சவ்வு' என்றே முழுதாக எழுதுங்கள். நுண்ணுறுப்பு, நுண்குமிழ், நுண்ணிழை, நுண்குழல் நான்கும் 'நுண்'ணில் தொடங்குகின்றன. இங்கே பின்பாதியை மட்டும் எழுதுவதுதான் வழி: குமிழ், இழை, குழல். குரோமாட்டின், குரோமாட்டிட், குரோமோசோம், குரோமோபிளாஸ்ட் நான்கையும் ஒருபோதும் 'குரோ.' என்று சுருக்காதீர்கள். அளவுகளில் ஆபத்து இன்னும் அதிகம். மி.மீ., மை.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் உயிர்மெய்க் குறிதான், அளவிலோ ஆயிரம் மடங்கு. மைக்ரோமீட்டருக்குக் கிரேக்க மியூ எழுத்தைப் போட்டு எழுதப் பழகிவிடுங்கள். மைட்டோ, கோல்கை, ரைபோ, லைசோ போன்றவை தாமாகவே தெளிவான சுருக்கங்கள், கவலை இல்லை.

இனி முதல் கொடி. பாடம் தொடங்கும் முன்பே வெள்ளைப் பக்கம் ஒன்றில் அளவு ஏணி வரைந்து வைக்க வேண்டும். ஏ4 அளவுத் தாளில் 24 செ.மீ. நீளத்துக்கு நேர்க்கோடு இழுத்து, 4 செ.மீ.க்கு ஒரு படி வையுங்கள். உச்சியில் 1 மில்லிமீட்டர். ஒவ்வொரு படி இறங்கும்போதும் பத்தில் ஒரு பங்கு: 100 மைக்ரோமீட்டர், 10, 1, பிறகு 100 நானோமீட்டர், 10, கடைசியில் 1. ஒரு படிக்குள் அளவு சீராக ஏறாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 7 மைக்ரோமீட்டர் என்பது 1-க்கும் 10-க்கும் இடையே முக்கால்வாசிக்கும் மேலே, அடிப்படியிலிருந்து சுமார் 3.4 செ.மீ.யில் விழும். 2 என்பது 1.2 செ.மீ.யில் விழும்.

வகுப்பில் ஓர் அளவு காதில் விழுந்தால் அதை இந்த ஏணியில் ஏற்றுங்கள். மனித அண்டசெல் சுமார் 100 மைக்ரோமீட்டர். கன்னத்தின் உட்புற எபிதீலியச் செல் 60 வாக்கில். சிவப்பணுவின் விட்டம் 7. பசுங்கணிகத்தின் நீளம் 5 முதல் 10. சாதாரண பாக்டீரியா 1 முதல் 5. மைக்கோபிளாஸ்மா 0.3. பல வைரஸ்கள் 100 நானோமீட்டர் அக்கம்பக்கம். ரைபோசோம் 20 முதல் 30. பிளாஸ்மா சவ்வின் தடிமன் 7 முதல் 8. டிஎன்ஏ இரட்டைச் சுருளின் அகலம் 2. நரம்பு செல்லின் நீளம் இந்த ஏணிக்குள் அடங்காது. அதன் ஆக்சான் ஒரு மீட்டர் வரை போகும், ஓரத்தில் தனியாகக் குறித்துவிடுங்கள்.

அதே ஏணியில் சிவப்பு மையால் இரண்டு குறுக்குக்கோடுகள். 0.1 மில்லிமீட்டரில் ஒன்று, வெறுங்கண்ணின் எல்லை. 0.2 மைக்ரோமீட்டரில் மற்றொன்று, ஒளி நுண்ணோக்கியின் எல்லை. இந்தக் கோடுகள் விழுந்தபின் வரலாற்று ஆண்டுகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை குறைந்துவிடும். 1665-இல் ராபர்ட் ஹூக் கார்க்கில் பார்த்தது இறந்த செல்களின் சுவர்களை. இரண்டு சிவப்புக் கோடுகளுக்கும் நடுவில் இருப்பவை அவை. 1831-இல் ராபர்ட் பிரௌன் உட்கருவுக்குப் பெயர் வைத்ததும் அதே இடைவெளியில்தான். 1838-இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839-இல் ஷ்வான் விலங்குகளுக்கும் செல்தான் அடிப்படை என்றார்கள். 1855-இல் விர்ச்சோ, ஏற்கெனவே உள்ள செல்லிலிருந்தே செல் வரும் என்று சேர்த்தார். இவற்றில் எதற்கும் ரைபோசோமைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, பார்க்கவும் முடியாது. அது இரண்டாம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் 1950-களில் ஜார்ஜ் பலாடேயின் கண்ணில் பட்டது. கோல்கை உறுப்பின் கதை சுவாரசியமானது. கமிலோ கோல்கை 1898-இல் வெள்ளிச் சாயம் ஏற்றி அதைப் பார்த்தார். அப்படி ஓர் உறுப்பு உண்மையில் உண்டா, சாயத்தின் கோளாறா என்ற சண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் வரும்வரை ஓயவில்லை.

இரண்டாவது கொடி சவ்வு. பாடநூல் எந்த வரிசையில் சொன்னாலும் உங்கள் நோட்டில் நுண்ணுறுப்புகளுக்கு மூன்று தொகுப்புகள்தான். சவ்வே இல்லாதவை: ரைபோசோம், சென்ட்ரியோல், செல்லின் சட்டகமாகிய இழைகளும் குழல்களும். ஒரு சவ்வு கொண்டவை: எண்டோபிளாச வலை, கோல்கை, லைசோசோம், வாக்குவோல், பெராக்சிசோம். இரட்டைச் சவ்வு கொண்டவை: உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கணிகங்கள். பாக்டீரியாவில் எது இருக்கும் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. முதல் தொகுப்பிலிருந்து ரைபோசோம் இருக்கும். மற்ற இரண்டு தொகுப்புகளும் அடியோடு இல்லை. சவ்வால் சூழப்பட்ட நுண்ணுறுப்பு இல்லாதது புரோகேரியோட்டு என்ற வரையறை இங்கே கண்முன் நிற்கிறது.

ஒவ்வொரு நுண்ணுறுப்புக்கும் ஐந்து வரிகள் போதும். மாதிரிக்கு ஒன்று:

மைட்டோகாண்ட்ரியா
எங்கே: யூகேரியோட்டு செல்கள் (சவ்வால் சூழப்பட்ட நுண்ணுறுப்பு உள்ளவை), தாவரத்திலும் உண்டு
சவ்வு: 2. வெளிச்சவ்வு வழவழப்பு, உட்சவ்வில் மடிப்புகள் (கிரிஸ்டே)
உள்ளே: மேட்ரிக்ஸ், கிரெப்ஸ் சுழற்சி நொதிகள், வட்ட டிஎன்ஏ, 70எஸ் ரைபோ
வேலை: காற்றுச் சுவாசம், ஏடிபி (ஆற்றல் மூலக்கூறு)
அதனால்: மடிப்பு → உட்சவ்வின் பரப்பு கூடும் → எலக்ட்ரான் கடத்துச் சங்கிலிக்கு இடம் கூடும் → ஏடிபி கூடும், இதயத் தசையில் எண்ணிக்கை அதிகம்

ஐந்தாவது வரியான 'அதனால்' இல்லாத பதிவு பெயர்ப் பட்டியல்தான். அமைப்பு ஏன் அந்த வேலைக்கு ஏற்றது என்பதை அந்த வரி சொல்ல வேண்டும். லைசோசோமுக்கு அந்த வரி இப்படி வரும்: உள்ளே அமிலத்தன்மை, பிஎச் சுமார் 5, சைட்டோபிளாசத்தில் 7.2 வாக்கில், அதனால் ஒன்றிரண்டு லைசோசோம் கிழிந்தாலும் நொதிகள் வெளியே வலுவிழக்கின்றன, செல் உடனே கரைந்துவிடுவதில்லை. 'தற்கொலைப் பை' என்று மட்டும் எழுதி வைத்தவருக்கு இது தெரிய வராது.

இந்தத் தொகுப்பில் மூன்று இடங்களில் கால் வழுக்கும். பசுங்கணிகத்துக்கு எத்தனை சவ்வு என்றால் உறை இரண்டு. தைலகாய்டு உள்ளே இருக்கும் தனிச் சவ்வு அமைப்பு, அதைக் கூட்டி மூன்று என்று எழுதாதீர்கள். அடுத்தது, மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்று லின் மார்குலிஸ் 1967-இல் முன்வைத்த கருத்து. இரட்டைச் சவ்வு, வட்ட டிஎன்ஏ, சொந்த ரைபோசோம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதற்குச் சான்று. உட்கருவுக்கும் இரட்டைச் சவ்வுதானே என்று அதையும் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. மூன்றாவது ரைபோசோம் கணக்கு. 50எஸ், 30எஸ் சேர்ந்தால் 70எஸ். 60எஸ், 40எஸ் சேர்ந்தால் 80எஸ். கூட்டல் தப்பாகத் தெரிவதற்குக் காரணம், எஸ் எடையின் அலகு இல்லை. மையவிலக்கியில் படியும் வேகத்தின் அலகு. இரண்டு துண்டுகள் ஒட்டும்போது வடிவம் மாறுகிறது, வேகம் வெறுமனே கூடுவதில்லை. நோட்டில் இந்தக் காரணத்தை ஒரு வரி எழுதிவிட்டால் எண்கள் மறக்காது. (பாலூட்டிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளது உண்மையில் 55எஸ். பாடநூல் பொதுவாக 70எஸ் என்கிறது. தேர்வில் அதையே எழுதுங்கள்.)

நுண்ணுறுப்புகள் முடிந்ததும் ஒரு முழுப் பக்கத்தை வழிப் படத்துக்கு ஒதுக்குங்கள். கணையத்தின் பீட்டா செல்லில் இன்சுலின் உருவாகி வெளியேறும் பாதை நல்ல எடுத்துக்காட்டு. உட்கருவில் டிஎன்ஏ-வின் செய்தி எம்ஆர்என்ஏ ஆகிறது. உட்கருத் துளை வழியே வெளிவருகிறது. சொரசொரப்பான எண்டோபிளாச வலையின் ரைபோசோமில் புரதம் தொடுக்கப்படுகிறது. குமிழில் ஏறிக் கோல்கைக்குப் போகிறது. அங்கிருந்து புறப்படும் சுரப்புக் குமிழில் முன்னோடிப் புரதம் வெட்டப்பட்டு இன்சுலின் ஆகிறது. குமிழ் பிளாஸ்மா சவ்வோடு இணைந்து வெளியே கொட்டுகிறது. ஆறு அம்புக்குறிகள். தனித்தனியாக எழுதிய ஐந்து பதிவுகள் இங்கே ஒரே வேலையில் கைகோக்கின்றன. அகச்சவ்வுத் தொகுதியில் (குமிழ்கள் வழியே ஒன்றோடொன்று தொடர்புள்ள சவ்வு உறுப்புகளின் கூட்டம்) மைட்டோகாண்ட்ரியா ஏன் சேராது என்ற கேள்விக்கும் இந்தப் படம் பதில் சொல்லும்: குமிழ்ப் போக்குவரத்துப் பாதையில் அது இல்லை.

படம் வரைவதைப் பற்றி. ஹெச்பி பென்சில், ஒரே தொடர்கோடு, நிழல் வேண்டாம். படம் அரைப் பக்கமாவது இருக்கட்டும். தீப்பெட்டி அளவில் வரைந்தால் கிரிஸ்டேயைக் காட்ட இடமிருக்காது. பெயர்க்கோடுகளை ஸ்கேல் வைத்து இழுங்கள், அம்புமுனை போடாதீர்கள், கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, பெயர்கள் எல்லாம் வலப்பக்கம் ஒரே நேராக வரட்டும். கோட்டின் முனை அந்த உறுப்பைத் தொட வேண்டும். சவ்வுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கும் கோட்டுக்கு மதிப்பெண் வராது.

பாடநூல் படத்தையும் ஆய்வகப் படத்தையும் கலக்காதீர்கள். வெங்காயச் சவ்வைச் சஃப்ரனின் சாயம் ஏற்றிப் பார்த்தால் சுவர், உட்கரு, சைட்டோபிளாசம் தெரியும். வாக்குவோலின் இடம் புரியும். அந்தப் படத்தில் மைட்டோகாண்ட்ரியா வரைந்தால் பார்க்காததை வரைந்ததாகும். பசுங்கணிகம் வரைந்தால் அது தப்பே. வெங்காயத்தின் அந்த உள்தோலில் பசுங்கணிகம் கிடையாது. உருப்பெருக்கம் எழுதுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. கண்ணருகு வில்லை 10, பொருளருகு வில்லை 40 என்றால் நுண்ணோக்கியின் பெருக்கம் 400. உங்கள் படத்தின் பெருக்கம் வேறு. 60 மைக்ரோமீட்டர் கன்னச் செல்லை 6 செ.மீ. அகலத்தில் வரைந்திருந்தால், 6 செ.மீ. என்பது 60,000 மைக்ரோமீட்டர், அதை 60-ஆல் வகுத்தால் 1000 மடங்கு.

ஒப்பீட்டு அட்டவணையை வகுப்பில் எழுதாதீர்கள், பாடம் முடிந்தபின் நீங்களே உருவாக்குங்கள். தாவரம், விலங்கு என இரண்டு கட்டம் மட்டும் போடுவது வழக்கம், தவறுகள் பிறப்பதும் அங்கேதான். பசுங்கணிகம் ஒரு பக்கம், மைட்டோகாண்ட்ரியா எதிர்ப்பக்கம் என்று எழுதிப் பழகியவர் தாவரத்துக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை என்றே நம்பிவிடுகிறார். நான்கு கட்டம் போடுங்கள்: பாக்டீரியா, பூஞ்சை, தாவரம், விலங்கு. சுவர் என்ற வரியில் பெப்டிடோகிளைக்கான், கைட்டின், செல்லுலோஸ், இல்லை என்று நான்கு விடைகளும் வரிசையாக வரும். சென்ட்ரியோல் வரியில் விலங்குக்கு உண்டு, பூக்கும் தாவரத்துக்கு இல்லை. நான்குக்கும் பொதுவானவற்றை அட்டவணைக்கு மேலேயே தனியாக எழுதிவிடுங்கள்: பிளாஸ்மா சவ்வு, சைட்டோபிளாசம், ரைபோசோம், டிஎன்ஏ.

அமைப்பு நிலைகளுக்கு அதிக நோட்ஸ் தேவையில்லை, இரண்டு சங்கிலிகள் போதும். விலங்குக்கு: ஆக்டின், மையோசின் மூலக்கூறுகள் → இதயத் தசைச் செல் → இதயத் தசைத் திசு → இதயம் → இரத்த ஓட்ட மண்டலம் → மனிதர். தாவரத்துக்கு: பச்சையம் → பசுங்கணிகம் → பாலிசேடு செல் → இலையிடைத் திசு → இலை → தண்டுத் தொகுதி → வேப்பமரம். ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் 'இங்கே புதிதாக என்ன வந்தது?' என்று ஒரு சொல் எழுதுங்கள். ஒற்றைத் தசைச் செல்லும் சுருங்கும், ஆனால் இரத்தத்தை ஒரு திசையில் தள்ள அறைகளும் வால்வுகளும் வேண்டும். அவை உறுப்பு என்ற நிலையில்தான் வருகின்றன.

உறுப்பு எது, திசு எது என்று சோதிக்கும் கேள்வி ஒன்றே: ஒன்றுக்கு மேற்பட்ட திசுக்கள் சேர்ந்திருக்கின்றனவா? இரைப்பையில் எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு நான்கும் இருக்கின்றன, அது உறுப்பு. தோலும் அப்படியே. இரத்தம் திரவமாக ஓடினாலும் இணைப்புத் திசு. சைலத்தில் பலவகைச் செல்கள் இருந்தாலும் அது கூட்டுத் திசு, உறுப்பில்லை. இந்தச் சங்கிலி எல்லா உயிர்களிலும் முழுதாக ஓடாது என்பதையும் அடிப்பட்டையில் குறியுங்கள். அமீபாவில் செல்லே உயிரினம். கடற்பஞ்சில் செல்கள் வேலையைப் பங்கிட்டாலும் உண்மையான திசு இல்லை. ஹைடிராவில் திசு நிலை, தட்டைப்புழுவில் உறுப்பு நிலை. வைரஸ் செல்லே இல்லாதது, சங்கிலியில் அதற்கு இடமில்லை.

கலைச்சொற்களுக்கு நோட்டின் கடைசி நான்கு பக்கங்களை விடுங்கள். தமிழ்ச் சொல், எதிரே ஆங்கிலச் சொல்லை அதன் எழுத்துக்கூட்டலோடு. இணையத்தில் தமிழ் விளக்கங்களைப் பார்ப்பவர்களுக்கு மூன்றாவது கட்டமும் பயன்படும், ஏனென்றால் இலங்கைப் பாடநூல்களின் சொற்கள் வேறு. செல்லை அங்கே கலம் என்பார்கள், திசுவை இழையம், மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி, உட்கருவைக் கரு, வாக்குவோலைப் புன்வெற்றிடம். தெரியாமல் இரண்டையும் கலந்து எழுதினால் ஒரே பொருள் நோட்டில் இரண்டாகிவிடும்.

அன்று மாலை இருபது நிமிடம் கட்டாயம். முதல் ஐந்து நிமிடம் விட்டுப்போனதை நிரப்ப. அடுத்த பத்து நிமிடம் இடப்பத்தியில் கேள்வி எழுத. 'மைட்டோகாண்ட்ரியா என்றால் என்ன?' என்பது கேள்வியாகாது. 'சிவப்பணுவில் உட்கரு இல்லாததால் என்ன லாபம், என்ன நஷ்டம்?' என்பது கேள்வி. ஹீமோகுளோபினுக்கு இடம் கூடுகிறது. புதுப் புரதம் செய்ய வழியில்லாமல் சுமார் 120 நாளில் செல் அழிகிறது. மீதி ஐந்து நிமிடத்தில் அன்றைய அளவுகளை ஏணியிலும், விதிவிலக்குகளை அடிப்பட்டையிலும் ஏற்றுங்கள். நோட்டை மறுபடி அழகாக எழுதுவதில் மாலையைச் செலவிடாதீர்கள். கை மட்டும் உழைக்கும்.

மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் கோடு போட்ட பகுதியை ஒரு தாளால் மூடி, இடப்பத்திக் கேள்விகளுக்கு வாயால் விடை சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறை வெற்றுத்தாளில் விலங்கு செல்லை நினைவிலிருந்து வரைந்து, நோட்டைத் திறந்து விட்டதைச் சிவப்பு மையால் சேருங்கள். அந்தச் சிவப்புத் தாள்களைத் தேதி போட்டு நோட்டுக்குள்ளேயே செருகி வையுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு முப்பது பக்கத்தையும் புரட்ட நேரமிருக்காது. அந்த நாலைந்து தாள்களையும் அளவு ஏணியையும் மட்டும் எடுத்துப் பாருங்கள்.